முடக்கு இருக்கிறது, நீக்கு எங்கே?

போன மாதம் சித்தி கூப்பிட்டார். "ஏம்ப்பா, இந்த போன் இடம் இல்ல, இடம் இல்லன்னே சொல்லிக்கிட்டு இருக்கு. வாட்ஸப்புல வர்ற போட்டோகூட இறங்க மாட்டேங்குது. நானும் இருந்ததையெல்லாம் அழிச்சுப் பாத்துட்டேன்."

சித்தி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். கழுத்து டிசைன், கை டிசைன் எல்லாம் வாட்ஸப்பில்தான் வரும். போட்டோ இறங்கவில்லை என்றால் அன்றைய வேலை நின்றுவிடும்.

"எதையெல்லாம் அழிச்சீங்க சித்தி?"

"பழைய வீடியோதான். குட்டிப்பய நடக்க ஆரம்பிச்சப்ப எடுத்தது, பொங்கலுக்கு ஊர்ல எல்லாரும் இருந்தப்ப எடுத்தது... அதெல்லாம்தான் பெருசு பெருசா இருந்துச்சு."

அடுத்த வாரம் போனபோது போனை வாங்கிப் பார்த்தேன். எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது, ஒன்றரை வருடம் ஆகிறது. கடையில் நின்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அந்த விலையில் வேறு எதை எடுத்திருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது.

உள்ளே இரண்டு பிரௌசர், இரண்டு ஆப் ஸ்டோர், இரண்டு கேலரி. குட்டி வீடியோ ஆப் ஒன்று. பூட்டுத்திரையில் நடிகைப் படமும் செய்தியும் காட்டுவதற்கு ஒன்று. மூன்று விளையாட்டுகள். 'ஐந்தே நிமிடத்தில் கடன்' என்று அறிவிப்பு அனுப்புகிற ஒன்று. சித்தி பயன்படுத்துவது மொத்தம் ஐந்து: போன், வாட்ஸப், யூட்யூப், கேமரா, பணம் அனுப்பும் ஆப். மற்றவற்றில் பாதியை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

ஒவ்வொன்றாக செட்டிங்ஸில் திறந்தேன். சிலவற்றில் 'நிறுவல் நீக்கு' இருந்தது. நிறைய ஆப்களில் அந்த இடத்தில் 'முடக்கு' மட்டும்தான். இரண்டு மூன்றில் அதுவும் சாம்பல் நிறத்தில், தொட்டால் அசையாமல் கிடந்தது.

பேரன் நடை பழகிய வீடியோவை அழிக்க இரண்டு தட்டு போதும். யாரோ வைத்துவிட்டுப் போன கடன் ஆப்பை அழிக்க வழியே இல்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்பார்களே, அதை ஒரு ஆறரை அங்குலத் திரையில் பார்த்தேன். அன்றிலிருந்து இதைப் பற்றிப் படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

பெயரே சரியில்லை

இவற்றை 'ப்ளோட்வேர்' என்கிறோம். உப்பிப்போன மென்பொருள். வயிறு உப்புசம் மாதிரி, கொஞ்சம் அசௌகரியம், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும் என்ற தொனி அந்தச் சொல்லில் இருக்கிறது. பத்திரிகைகளிலும் யூட்யூபிலும் இதைப் பேசுகிறவர்கள் அதே தொனியில்தான் பேசுகிறார்கள்: போன் ஸ்லோ ஆகுது, பேட்டரி குறையுது, இந்த பத்து ஆப்பை முடக்குங்க.

எனக்கு வேறு உவமைதான் பொருத்தமாகப் படுகிறது. முழுப் பணம் கொடுத்து ஒரு வீடு வாங்குகிறீர்கள். குடிபோன அன்று பார்த்தால் ஒரு அறையில் பில்டர் வைத்த ஆள் குடியிருக்கிறார். "அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க, வேணும்னா கதவைச் சாத்திக்கலாம்" என்கிறார் பில்டர். வெளியேற்ற முடியாது, பத்திரத்தில் அப்படித்தான் என்கிறார். இது உப்புசம் இல்லை. வீடு யாருடையது என்கிற கேள்வி.

மூன்று வகை

எல்லா முன்நிறுவல் ஆப்களையும் ஒரே கூடையில் போட்டுத் திட்டுவது தப்பு. நான் பார்த்தவரை மூன்று வகை.

முதல் வகை, இல்லாவிட்டால் போன் போனாகவே இருக்காது. அழைப்பு, செட்டிங்ஸ், திரையில் ஐகான்களை அடுக்கும் மென்பொருள். இவற்றை நீக்க விடாததில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது வகை, முதல் வகையின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஆண்ட்ராய்டில் சேமிப்பிடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இயங்குதளம் இருக்கும் சிஸ்டம் பகுதி படிக்க மட்டும்தான். பயனரால் அதில் எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது. பாதுகாப்புக்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் போன் தயாரிக்கும்போது அந்தப் பகுதியில் என்ன வைப்பது என்பது கம்பெனியின் முடிவு. அங்கே ஒரு விளம்பர ஆப்பை வைத்துவிட்டால், இயங்குதளத்துக்குக் கிடைக்கிற அதே பூட்டு அதற்கும் கிடைத்துவிடுகிறது. பேக்டரி ரீசெட் போட்டாலும் போகாது, ஏனென்றால் ரீசெட் துடைப்பது உங்கள் தரவு இருக்கும் பகுதியை மட்டும்தான்.

மூன்றாவது வகை, பெட்டியைப் பிரித்து முதன்முதலில் இணையத்தில் இணைக்கும்போது தானாக இறங்குவது. இவற்றை நீக்கலாம். ஆனால் நீக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். சித்தியின் போனை முதல்நாள் அமைத்துக் கொடுத்தபோது 'உங்களுக்காகப் பரிந்துரைக்கப்பட்டவை' என்று ஒரு பக்கம் வந்த ஞாபகம். எல்லாப் பெட்டியிலும் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. நான் அவசரத்தில் 'தொடர்' அமுக்கினேன். அந்த மூன்று விளையாட்டுகளும் என் கைங்கரியம்.

இடம் எங்கே போனது?

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகை ஆப்பை முடக்கினால் அது பிடித்த இடம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கிறோம். கிடைக்காது. அதன் மேல் பிற்பாடு ஏறிய அப்டேட்களும் அது சேர்த்த தரவும் போகும். அந்த அளவுக்கு இடம் மீளும். மூலப்பிரதி சிஸ்டம் பகுதியிலேயே இருக்கும். அந்தப் பகுதி எப்போதுமே உங்கள் கணக்கில் இல்லை.

அதாவது, பெட்டியில் 64 ஜிபி என்று அச்சடித்திருப்பதில் ஒரு பங்கு, நீங்கள் கடைக்குப் போவதற்கு முன்பே வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டது. இது இன்று வந்த பழக்கமும் இல்லை. 2014இல் பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான 'விச்?' சோதித்தபோது, 16 ஜிபி என்று விற்கப்பட்ட சாம்சங் கேலக்ஸி எஸ்4இல் பயனருக்கு மிஞ்சியது 8.56 ஜிபி. கிட்டத்தட்டப் பாதி. இயங்குதளத்துக்கு இடம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிலோ அரிசி என்று வாங்கி வீட்டில் நிறுத்தால் அரைக்கிலோ இருந்தால் நாம் சும்மா இருப்போமா?

"அதனாலதானே விலை கம்மி?"

இதைப் பேச ஆரம்பித்தாலே வருகிற பதில் இது. நண்பர் ஒருவர் கேட்டார்: "எட்டாயிரத்துக்கு அந்த போன் எப்படிக் கிடைக்குதுன்னு நெனைக்கிற? அந்த ஆப்காரன்தான் மிச்சக் காசைக் கட்டறான்."

இதில் உண்மை இருக்கிறது. ஷாவ்மியின் நிறுவனர் லேய் ஜுன் 2018 ஏப்ரலில், தங்கள் வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று பகிரங்கமாகவே உறுதி சொன்னார். வன்பொருளில் சம்பாதிக்காவிட்டால் வேறு எதில் சம்பாதிப்பது? இணையச் சேவைகளில், அதில் விளம்பரமும் அடக்கம். இதில் ஒளிவுமறைவு கிடையாது. அமெரிக்காவில் டிஜிட்டல் டர்பைன் என்று ஒரு நிறுவனம் பங்குச் சந்தையிலேயே பட்டியலிடப்பட்டிருக்கிறது. புது போன்களில் ஆப்களை இறக்கிவைப்பதுதான் அதன் முக்கியத் தொழில். 'ஒரு போனுக்கு எவ்வளவு வருமானம்' என்பதையே அவர்கள் ஒரு கணக்காக வைத்துப் பேசுகிறார்கள்.

சரி, பேரம் என்றே வைத்துக்கொள்வோம். பேரம் என்றால் இரண்டு பக்கமும் விலை தெரிய வேண்டும். கடைக்காரர் சித்தியிடம், "அம்மா, ஆப் இல்லாம வேணும்னா ஒம்பதாயிரம், ஆப்போட வேணும்னா எட்டாயிரம்" என்று சொல்லவில்லை. பெட்டியில் மெகாபிக்சல் இருந்தது, பேட்டரி அளவு இருந்தது. இந்த ஆப்களின் பட்டியல் இல்லை. தெரியாமல் நடந்ததைப் பேரம் என்று சொல்வது அநியாயம்.

இன்னொன்று. மானியம் தருவதற்கும் நீக்க விடாததற்கும் என்ன சம்பந்தம்? செய்தித்தாள் வாங்கினால் உள்ளே நோட்டீஸ் வைத்திருப்பான். விளம்பரக் காசில் பேப்பர் விலை குறைகிறது. நான் நோட்டீஸை எடுத்துக் குப்பையில் போட்டால் பேப்பர்காரன் வந்து கையைப் பிடிப்பதில்லை. வைப்பதற்குக் காசு வாங்குங்கள்; தூக்கிப் போடும் உரிமையையும் சேர்த்து விற்காதீர்கள். என் வாதம் மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

இடத்தோடு முடிகிற விஷயமில்லை

மலிவான போனுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை என்பதால் நடந்த இரண்டு சம்பவங்கள்.

2016 நவம்பரில் கிரிப்டோவயர் என்ற பாதுகாப்பு நிறுவனம், அமெரிக்காவில் மலிவு விலையில் விற்ற ப்ளூ ஆர்1 எச்டி போனை ஆராய்ந்தது. அதில் அடப்ஸ் என்ற சீன நிறுவனத்தின் அப்டேட் மென்பொருள் முன்கூட்டியே இருந்தது. பயனரின் குறுஞ்செய்திகளின் முழு வாசகம், அழைப்பு விவரம், தொடர்பு எண்கள் ஆகியவற்றை அது சீனாவில் உள்ள சர்வர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. போனை விற்ற கம்பெனியே தனக்குத் தெரியாது என்றது. சுமார் 1,20,000 போன்கள் பாதிக்கப்பட்டதாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

2020 ஜனவரியில் மால்வேர்பைட்ஸ் இன்னொன்றை வெளியிட்டது. ஏழைகளுக்காக அமெரிக்க அரசு மானியம் தரும் லைப்லைன் திட்டத்தில் 35 டாலருக்குக் கொடுக்கப்பட்ட யூஎம்எக்ஸ் போன் அது. அதில் அப்டேட் ஆப் கேட்காமலேயே மற்ற ஆப்களை இறக்கியது. அதைவிட மோசம், செட்டிங்ஸ் ஆப்பே தீம்பொருள் என்றார்கள். செட்டிங்ஸை நீக்கினால் போனே பயன்படாது. முதல் வகையும் இரண்டாம் வகையும் ஒட்டிப் பிறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது.

இவை ஓரிரண்டு கருப்பு ஆடுகளா? ஸ்பெயினின் ஐஎம்டிஇஏ நெட்வொர்க்ஸ் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 214 தயாரிப்பாளர்களின் 1,742 போன்களிலிருந்து 82,000க்கும் மேற்பட்ட முன்நிறுவல் ஆப்களைத் திரட்டிப் பார்த்தார்கள். 2020இல் ஐஇஇஇ பாதுகாப்பு மாநாட்டில் வந்த ஆய்வு அது. அதில் என்னை உறுத்தியது, எண்ணிக்கை இல்லை, பொறுப்பாளி இல்லாமை. பல ஆப்களை எழுதியது யார், போனுக்குள் வைத்தது யார் என்றே தெளிவாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. தயாரிப்பாளர், தொலைத்தொடர்பு நிறுவனம், விளம்பர நிறுவனம், ஏதோ ஒரு துணை ஒப்பந்தக்காரர், எல்லார் கையும் பட்டிருக்கிறது. கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டலாம்.

முடக்கினால் போதாதா?

2019 ஜனவரியில் ப்ளூம்பெர்க் ஒரு செய்தி வெளியிட்டது. சில சாம்சங் போன்களில் பேஸ்புக்கை நீக்க முடியவில்லை, முடக்கத்தான் முடிகிறது என்று. பேஸ்புக் தந்த விளக்கம்: முடக்கிய ஆப் நீக்கிய ஆப் மாதிரிதான், தரவு எதையும் சேகரிக்காது.

அப்படியே நம்பிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. இரண்டும் ஒன்றுதான் என்றால், 'நீக்கு' என்றே பொத்தானை வைத்துவிட்டுப் போகலாமே? வைக்கவில்லை என்றால் இரண்டும் ஒன்றில்லை என்றுதானே அர்த்தம்? முடக்கியதை ஒரு தட்டில் எழுப்பலாம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சில தானாகவே எழுந்து உட்காருவதையும் பார்த்திருக்கிறேன்.

என்னைப் போன்ற ஆட்கள் சொல்லும் வைத்தியம் ஏடிபி. டெவலப்பர் ஆப்ஷனைத் திற, கம்ப்யூட்டரோடு கேபிளில் இணை, கட்டளை அடி, போயிடும். நானும் இதை நாலு பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் என்ன நடக்கிறது? அந்தக் கட்டளை அந்தப் பயனர் கணக்குக்கு மட்டும் ஆப்பை எடுத்துவிடுகிறது. சிஸ்டம் பகுதியில் பிரதி அப்படியே இருக்கிறது. ரீசெட் செய்தால் திரும்பி வரும். தப்பான பெயரை அடித்துவிட்டால் போன் திறக்காமலே சுற்றிக்கொண்டிருக்கும். முக்கியமாக, சித்தியிடம் கம்ப்யூட்டர் இல்லை. கட்டளை தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கிற உரிமையை உரிமை என்று சொல்லக்கூடாது. அது சலுகை. நம் மாதிரி ஆட்கள் இந்தச் சலுகையில் திருப்திப்பட்டுக்கொண்டதும், சித்தி மாதிரி ஆட்களுக்காகச் சத்தம் போட ஆளில்லாமல் போனதற்கு ஒரு காரணம். இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

முடியாது என்பது பொய்

"தொழில்நுட்பரீதியா முடியாது" என்பார்கள். மற்ற நாடுகளைப் பார்ப்போம். தென்கொரியா 2014லேயே, அத்தியாவசியமில்லாத முன்நிறுவல் ஆப்களைப் பயனர் நீக்க முடிய வேண்டும் என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. சீனாவில் அடிப்படை அல்லாத ஆப்கள் நீக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற விதி 2017 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின்படி ஆப்பிள், கூகுள் போன்ற 'வாயிற்காப்போர்' 2024 மார்ச் முதல் நீக்கும் வசதி தர வேண்டும். விளைவு, ஐரோப்பாவில் ஐபோனிலிருந்து ஆப் ஸ்டோரையே நீக்கலாம். ஆப்பிள் தன் கடையையே தூக்கிப்போட வழி செய்ய முடிகிறது. எட்டாயிரம் ரூபாய் போனில் ஒரு கடன் ஆப்பை நீக்க வழி செய்ய முடியாதா?

இந்தியாவில் ஒரு வாய்ப்பு கைக்கு எட்டி நழுவியது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அபராதத் தொகைதான் தலைப்புச் செய்தி ஆனது. உத்தரவின் உள்ளே, முன்நிறுவிய கூகுள் ஆப்களைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக்கூடாது என்றும் ஒரு கட்டளை இருந்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது; நான்கு கட்டளைகளை ரத்து செய்தது. அந்த நான்கில் இதுவும் ஒன்று. கோடிகள் நின்றன, பொத்தான் போனது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டளை நின்றிருந்தாலும் சித்தியின் கடன் ஆப் போயிருக்காது. அது கூகுள் ஆப்பைப் பற்றியது மட்டும். ஐரோப்பியச் சட்டமும் குறிப்பிட்ட சில பெரும் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. இடையில் நிற்கிற போன் கம்பெனிகள், அவர்களிடம் இடம் வாங்கும் ஆப்காரர்கள் பக்கம் யாருடைய கண்ணும் அவ்வளவாகப் போவதில்லை.

மூன்று நாள் கோபம்

கடைசியாக, 2025 டிசம்பர். எல்லாப் புதுப் போன்களிலும் சஞ்சார் சாத்தி ஆப்பை 90 நாட்களுக்குள் முன்நிறுவ வேண்டும், அதன் செயல்பாடுகள் முடக்கப்படக்கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது வெளியே வந்தது. நாடு முழுக்கக் கொந்தளிப்பு. வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்றார் அமைச்சர். டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அந்தக் கோபம் நியாயமானது. நானும் கோபப்பட்டவன்தான். அரசு என் போனுக்குள் வருவதும் விளையாட்டுக் கம்பெனி வருவதும் ஒன்றில்லை. அரசிடம் போலீஸ் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று நாட்களில் எல்லாரும் பேசிய வாக்கியங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "என் போனில் எது இருக்க வேண்டும் என்று நான்தான் முடிவு செய்வேன்." "நீக்க முடியாத ஆப் எதற்கு?" இவற்றை எழுதியவர்களில் பலர் எழுதிய போனிலேயே நீக்க முடியாத ஆப்கள் இருந்திருக்கும். அரசு எங்கிருந்து இந்த யோசனையைப் பிடித்தது? கம்பெனிகள் பல வருடமாகப் போட்டு வைத்த பாதையில்தான் அதுவும் நடக்கப் பார்த்தது. அந்தப் பாதை இன்னும் திறந்தே கிடக்கிறது. ஒருவரை விரட்டிவிட்டுக் கதவைப் பூட்டாமல் தூங்கப் போயிருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய தடையுத்தரவு எதுவும் இல்லை. போன் இயங்கத் தேவையில்லாத எந்த ஆப்பாக இருந்தாலும், யார் வைத்ததாக இருந்தாலும், 'நிறுவல் நீக்கு' இருக்க வேண்டும். நீக்கினால் நீங்கியதாக இருக்க வேண்டும். பெட்டியில் மெகாபிக்சலுக்குப் பக்கத்தில், பயனருக்கு மிஞ்சும் இடம் எவ்வளவு என்று அச்சடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதுவரை, வீட்டில் யாருக்காவது போன் அமைத்துக் கொடுக்கிறவர்கள் அந்தப் 'பரிந்துரை' பக்கத்தில் கொஞ்சம் நின்று டிக்குகளை எடுத்துவிடுங்கள். என்னை மாதிரி 'தொடர்' அமுக்காதீர்கள்.

சித்தியின் போனில் நீக்க முடிந்ததை நீக்கி, முடக்க முடிந்ததை முடக்கியதில் மூன்று ஜிபிக்கு மேல் கிடைத்தது. வாட்ஸப் போட்டோ இறங்குகிறது. பேரன் நடை பழகிய வீடியோ தங்கச்சி போனில் ஒரு பிரதி இருந்தது, திரும்ப அனுப்பச் சொன்னேன். பொங்கல் வீடியோ யாரிடமும் இல்லை.

கடன் ஆப் இருக்கிறது. முடக்கித்தான் வைத்திருக்கிறேன்.